பன்னிரண்டாவது காய்

இறம்பொடை,
18.02.2024

ஜெயந்தினி,

என் நம்பரை நீ பிளாக் பண்ணியிருக்கிறாய். உன் தம்பிக்கு எடுத்தால் "அக்கா குளிக்குது அத்தான்" என்கிறான். ஒன்பது நாளாகக் குளிக்கிறாய். அதனால்தான் பேப்பரும் பேனையும்.

சுகம் விசாரிக்கும் வரியை விட்டுவிடுகிறேன். பிள்ளையின் கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுது. ஆஸ்பத்திரியில் தந்த சொட்டு மருந்து ஏழு நாளைக்குத்தான். அதற்கு மேல் போடாதே.

அன்றைக்கு யாருக்கும் காது இல்லை, எனவே நடந்ததை ஒரு தரம் ஒழுங்காக எழுதுகிறேன். அடுப்புக்கு மேல் பலகையில், சாசரில் இருந்தது சமையலுக்குப் போடுகிற கொச்சிக்காய் இல்லை. பொலிவியா மலையில் காடாக முளைக்கிற மிளகாய். பெயர் கார்டெனாசி, அந்த ஊர் ஆட்கள் உலுபிக்கா என்பார்கள். நான் வேலை செய்கிற கம்பனிக்கு வந்தது நாற்பது விதை. முளைத்தது ஆறு. பிழைத்தது இரண்டு. இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, இன்னொரு செடியுடையது வேண்டும். ஒரு மழைக்காலம் பூராவும் கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு தேனீ வேலை பார்த்தேன். வந்தது பதினொரு காய், ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. டிசம்பர் மழையில் வேர் அழுகி இரண்டு செடியும் போய்விட்டன. ஆக, இரண்டு வருஷ வேலையில் மிஞ்சியது அந்தப் பதினொன்றுதான். கம்பனியின் செடிக் கூடாரத்தில் ஈரம் என்பதால் வீட்டில் காய வைத்தேன்.

பேத்தியைப் பார்க்க வந்த அத்தை அதை அள்ளிப் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டார்கள். கண்ணூறாம். காம்பராவின் ஒற்றை அறை முழுக்கப் புகை. எல்லோரும் குடல் வெளியே வருகிற மாதிரி இருமினோம். இருமல் வந்தால் கண்ணூறு இல்லை என்பதுதானே உங்கள் கணக்கு? அந்தக் கணக்கிலேயே அத்தை தோற்றுவிட்டார்கள். பிள்ளையின் கண் வீங்கியது அந்தப் புகையால்தான். டாக்டரிடம் நான் சொன்னதும் அதுதான், அவர் துண்டுச் சீட்டில் எழுதியதும் அதுதான். இந்தக் காலத்தில், டிப்ளோமா முடித்த ஒருத்தன் வீட்டில் இது நடக்கிறது. நினைத்தால் குமட்டுகிறது.

சாம்பலைக் கிளறி அரைக்கருகலாக மூன்று காய் எடுத்தேன். அவற்றில் பத்தொன்பது விதை இருந்தன. முளைக்கப் போட்டிருக்கிறேன்.

புதுவருஷத்துக்கு அடுத்த ஞாயிறு பிள்ளைக்குக் காது குத்து என்று பேசியிருந்தோம். அதற்கு முன் வீட்டுக்கு வா. ஒரே ஒரு கண்டிஷன்: அத்தை இனிப் பிள்ளையைத் தூக்கக் கூடாது.

யோகேஸ்வரன்


கொட்டகலை,
25.02.2024

நிலக்ஷி அப்பாவுக்கு,

பிள்ளைக்கு எடது கண்ணுல செவப்பு வடிஞ்சிருச்சு. இமையில மட்டும் கொஞ்சம் தோல் உரியுது. வெளிச்சத்தைப் பார்த்தா அந்தக் கண்ணை மட்டும் சுருக்குறா. வர்ற மாசம் கிளினிக்ல ஒருக்கா காட்டச் சொல்லியிருக்காங்க. நீங்க கேட்டது அவ்வளவுதான். சொல்லிட்டேன்.

இனி நான் பார்த்ததை எழுதுறேன். நான் பிள்ளையை மடியில போட்டு, தண்ணியை அள்ளி அள்ளி மூஞ்சியில அடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ கத்துற சத்தத்துல அடுத்த லயத்து வீட்டு செல்லசாமி அண்ணன் கூட ஓடி வந்துட்டாரு. நீங்க எங்க இருந்தீங்க? இடுக்கியை வச்சுக்கிட்டு அடுப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தீங்க. செல்லசாமி அண்ணன்தான் "தம்பி, ஆட்டோவுக்கு சொல்லவா?" ன்னு கேட்டாரு. அதுக்கு நீங்க சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "ஒரு நிமிஷம் இருங்க, இன்னொன்னு கெடக்கு."

உங்களுக்குக் குமட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. எனக்கும் குமட்டுது. அந்த இடுக்கியை நெனச்சா.

அம்மாவைப் பத்தி ஒரு விசயம். அவங்க இங்க பிள்ளை மடுவத்துல பதினெட்டு வருசமா இருக்காங்க. கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க அத்தனை பேரும் காலையில பிள்ளையை அம்மா கையில குடுத்துட்டுத்தான் மலைக்குப் போவாங்க. என்னைப் பெத்ததை விட அதுலதான் அம்மாவுக்குப் பெருமை. நீங்க ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அம்மாவைப் பார்த்துக் கத்துனது இங்க வரைக்கும் வந்துருச்சு. "பேத்தி கண்ணைப் பொகை போட்டு அவிச்சவ" ன்னு ஒருத்தி சொன்னாளாம். மறுநாள் மூணு பேர் பிள்ளையை விடல. அதுக்கு மறுநாள்லருந்து அம்மாவே போகல.

உங்க கண்டிஷனை நான் அவங்ககிட்ட வாசிக்கல. வாசிக்கத் தேவையும் இல்ல. அவங்க இப்பவே நிலக்ஷியைத் தூக்குறதில்ல. பிள்ளை தவழ்ந்து போய் சேலையைப் பிடிச்சா, கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாங்க.

ஜெயந்தினி


இறம்பொடை,
10.03.2024

ஜெயந்தினி,

வேலையைப் பற்றி எழுதுகிறேன். எனக்கு ஒழுங்காக எழுத வருவது அது ஒன்றுதான்.

பத்தொன்பது விதையையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊற வைத்தேன். காட்டு மிளகாய் கடை விதை மாதிரி ஒரே வாரத்தில் எட்டிப் பார்க்காது. குருவி தின்று, எங்கேயோ எச்சமாகப் போட்டு, தோல் நைந்து, அப்புறம்தான் அதற்கு முளைக்கலாமா என்று யோசனையே வரும். அந்தக் குருவி வயிற்று வேலையைத்தான் நான் மருந்தால் செய்கிறேன். மீன் வருகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் அவித்து ஆற வைத்த தேங்காய்த் தும்புத் தூள், மேலே நாற்பது வாட் பல்ப். பகலில் இருபத்தெட்டு டிகிரி, ராவில் இருபது. நாலு வாரம் முடிந்துவிட்டது. ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று சொன்னதும் பொய். சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் வந்திருக்கிறது, பூனை முடி மாதிரி. அதைத் தின்ன ஒரு சின்ன ஈ, ஈ போட்ட முட்டையிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி புழு. மூடியைத் திறந்தால் பழைய தரை துடைக்கிற துணி நாற்றம். தினமும் இரண்டு தரம் அதற்குள் மூக்கை விட்டுப் பார்க்கிறேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. சமைக்கவும் இல்லை, பேக்கரிப் பாண்தான்.

மேனேஜர் காய் எங்கே என்று கேட்டார். எலி தின்றுவிட்டது என்று சொன்னேன். அவருக்குக் கண்ணூறைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க என்னால் முடியாது. சித்திரைக் கடைசியில் விதை அனுப்பிய வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். காட்ட ஒரு நாற்றாவது இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு ஆள்.

இடுக்கி விஷயம். நான் மறுக்கவில்லை. ஆனால் நீ பக்கத்தில் இருந்தாய், தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாய். இரண்டு பேர் சேர்ந்து தண்ணீர் அடிக்க முடியுமா? நெருப்பில் கிடந்ததற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

அத்தை மடுவத்துக்குப் போகாதது அவர்கள் முடிவு. கொஞ்ச நாளில் ஜனங்கள் வேறு கதை பிடித்துக்கொள்வார்கள்.

காது குத்துக்கு முன் வந்துவிடு.

யோகேஸ்வரன்


கொட்டகலை,
17.03.2024

நிலக்ஷி அப்பாவுக்கு,

நேத்து கிளினிக் போனோம். கண் பார்வைக்கு ஒண்ணும் இல்லையாம். நிம்மதி.

அங்க இருந்த நர்ஸ் நல்லாத் தமிழ் பேசுனா. டாக்டர் எழுதுன துண்டைப் பார்த்துட்டு, "மிளகாப் பொகையா? பொகைன்னா ரெண்டு கண்ணும்ல எரிஞ்சிருக்கும்? ஒரு கண்ணு மட்டும் எப்பிடிம்மா?" ன்னு கேட்டா. சிரிச்சிட்டு வந்துட்டேன். கொட்டகலை வர்ற வரைக்கும் பஸ்ஸுல அதே நெனப்பு.

எனக்கு டிப்ளோமா இல்ல. ஓ.எல். பரீட்சை வரைக்கும்தான். இருந்தாலும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வச்சுப் பார்க்கத் தெரியும். அன்னிக்கு நான் வெளிய பைப்புல துணி அலசிக்கிட்டு இருந்தேன். அம்மா எனக்குப் பக்கத்துல வெறகு ஒடைச்சுக்கிட்டு இருந்தாங்க. உள்ள நீங்களும் பிள்ளையும் மட்டும். பிள்ளை வீல்னு கத்துச்சு. நாங்க ரெண்டு பேரும் ஓடி வந்தோம். "சும்மா இருந்த பிள்ளை இப்பிடிக் கத்துதே, யாரு கண்ணு பட்டுச்சோ" ன்னு சொல்லித்தான் அம்மா பலகையில இருந்து சாசரை எடுத்தாங்க.

பொகை வந்ததால பிள்ளை கத்தல. பிள்ளை கத்துனதாலதான் பொகை வந்துச்சு.

அதுக்கு முந்தி உள்ள என்ன நடந்துச்சு? எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இதுக்கு மட்டும் பதில் எழுதுங்க.

ஜெயந்தினி


இறம்பொடை,
24.03.2024

ஜெயந்தினி,

கிளினிக் நர்ஸ் ஒருத்தியின் பேச்சை வைத்துப் புருஷனை விசாரணை செய்கிறாய். பரவாயில்லை.

புகை எல்லாத் திசைக்கும் சமமாகப் போகாது. கதவு திறந்திருந்தது, ஜன்னல் மூடியிருந்தது. காற்று ஒரு பக்கமாக அடிக்கும். நீ பிள்ளையை மார்போடு ஒரு பக்கமாக அணைத்திருந்தாய், ஒரு கண் மறைந்திருக்கும். இது சாதாரண விஷயம். பிள்ளை முதலில் கத்தியதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பல் முளைக்கிற வயசு. வயிற்று வலி. எறும்பு. நான் என்ன டாக்டரா?

ஆறு வாரம் முடிந்தது. இன்றைக்குப் பெட்டியை மேசையில் கவிழ்த்தேன். பத்தொன்பது விதையையும் ஒவ்வொன்றாக ஊசியால் அழுத்திப் பார்த்தேன். உயிருள்ள விதை கெட்டியாக இருக்கும். இவை சீழ் பிடித்த பரு மாதிரி, அழுத்தினதும் வெள்ளையாகக் கசிந்தன. பத்தொன்பது தரம். நெருப்பில் வெந்த விதை அது. வெந்ததற்கு மருந்து ஊற்றி, பல்ப் எரித்து, ஆறு வாரம் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறேன். முதல் நாளே வெட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

எல்லாவற்றையும் வாசலில் கொட்டினேன். செல்லசாமி அண்ணன் வீட்டுக் கோழி வந்து கிளறிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டது.

இனி இதைப் பற்றிக் கேள்வி கேட்டு எழுதாதே. வருகிற தேதியை மட்டும் எழுது.

யோகேஸ்வரன்


கொட்டகலை,
31.03.2024

நிலக்ஷி அப்பாவுக்கு,

தேதி இல்ல. வேற ஒண்ணு இருக்கு.

நேத்து சாமிப் படத்தைத் துடைக்க எடுத்தேன். அதுக்குப் பின்னால பேப்பர்ல மடிச்ச ஒரு பொட்டலம். பிரிச்சா உங்க காய். முழுசா, நல்லாக் காஞ்சு, நாலு.

அம்மாகிட்ட கேட்டேன். பொட்டலத்தை வாங்கி மறுபடி மடிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க. சுத்திப் போட ஏழு போதுமாம். மிச்சம் நாலை, செவ்வாக்கெழமை இன்னொருக்கா சுத்தணும்னு முந்தானையில முடிஞ்சு வச்சாங்களாம். அதுக்குள்ள நீங்க ஆடுன ஆட்டத்துல பயந்துபோய், முடிச்சோட இங்க வந்துட்டாங்க.

நான் குதிச்சேன். "ஏம்மா இத்தனை நாளா சொல்லல? அந்த மனுசன் வேலையே இதுலதான் இருக்கு!" பதிவுத் தபால்ல அனுப்ப கவர் கூட வாங்கிட்டேன். அம்மா கையைப் பிடிச்சுட்டாங்க. "வேணாம்டி. நான் தொட்டதுன்னு தெரிஞ்சா மருமகன் தூக்கி எறிஞ்சிருவாரு. எங்கயோ கெடந்ததை நீயே எடுத்த மாதிரி எழுது" ன்னாங்க.

நான் அப்பிடி எழுதல. பொய் எழுதிப் பழக்கம் இல்ல.

இப்ப கணக்குக்கு வர்றேன். அடுப்புல ஏழு. முந்தானையில நாலு. பதினொண்ணு. நீங்களும் மொதல் கடிதத்துல பதினொண்ணுன்னுதான் எழுதியிருக்கீங்க. சரியா வருது. ஆனா அன்னிக்குக் காலையில என்னைக் கூப்பிட்டு, சாசரைக் காட்டி, ஒவ்வொண்ணா வெரல் வச்சு எண்ணுனீங்க. பன்னெண்டு. "ஒரு டசன் ஜெயா, ஒரு டசன்!" ன்னு சிரிச்சீங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க அப்பிடிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. அதான் எண்ணிக்கை மறக்கல.

பன்னெண்டாவது காய் எங்க?

காயை வச்சுக்கிட்டு உங்ககிட்ட பேரம் பேசறேன்னு நெனக்காதீங்க. நீங்க ஒண்ணும் எழுதலன்னாலும் அடுத்த வாரம் நாலும் வந்து சேரும். நானும் பிள்ளையும்தான் வரமாட்டோம்.

ஜெயந்தினி


இறம்பொடை,
06.04.2024

ஜெயந்தினி,

காய் கிடைக்கும் என்று தெரிந்ததால் எழுதுகிறான் என்று நினைப்பாய். பாதி உண்மை. மீதிப் பாதி, நீ "அத்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்" என்று எழுதியிருந்தாயே, அது. ஆறு வாரமாக அதை மறக்கப் பார்க்கிறேன்.

பன்னிரண்டாவது காயை நான் பிளந்தேன்.

விதை முற்றியிருக்கிறதா என்று பார்க்க அவசரம். கையுறை கூடாரத்தில் கிடந்தது. மேசையில் வைத்து, வலது கைப் பெருவிரல் நகத்தால் பிளந்தேன். விதை மஞ்சளாக, நன்றாக இருந்தது. காரம் விதையில் இல்லை, அது ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதையில் இருக்கிறது. அது நகக் கண்ணுக்குள் போயிருந்தது. பிள்ளை தவழ்ந்து வந்து காலைப் பிடித்தாள். தூக்கினேன். மூக்கு ஒழுகி, கன்னம் வரை வழிந்திருந்தது. அதே பெருவிரலால் துடைத்தேன். இடது கண்.

அவள் கத்திய அந்த நொடியே எனக்குத் தெரியும். மிளகாய் எண்ணெய் தண்ணீரில் கரையாது. நீ தண்ணீர் அடிக்க அடிக்க அது பரவும் என்பதும் தெரியும். பாலால் கழுவு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாய். வாயை மூடிக்கொண்டேன். "கையுறை இல்லாமல் காயைத் தொடாதே" என்று கூடாரத்துக் கதவில் தொங்குகிற போர்டு நான் எழுதியது. அங்கே வேலை செய்கிற பொம்பளைகளை அதை வைத்துத் திட்டியிருக்கிறேன்.

அத்தை சாசரை எடுத்ததை நான் பார்த்தேன். புகை எழும்பியபோது எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. நிம்மதி. இப்போது காரணம் கேட்டால் காட்ட ஒன்று கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் காய் நினைவுக்கு வந்தது, அதற்குப் பிறகுதான் கத்தினேன். பிள்ளைக்காகக் கத்துகிற மாதிரி கத்தினேன். பிளந்த காயின் விதையைக் கூடத் தேடவில்லை, தோலோடு சேர்த்து மேசையிலிருந்து துணியால் வழித்து வெளியே எறிந்துவிட்டேன். நீ பார்த்துவிடுவாய் என்று. நல்ல விதையை எறிந்துவிட்டு, வெந்ததை ஆறு வாரம் அடைகாத்தேன்.

அந்தப் பூஞ்சணத்தையும் புழுவையும் பார்த்து எனக்கு வந்த அருவருப்பை உனக்கு எழுதினேன். கண்ணாடியைப் பார்த்துத் தாடி வழிக்கிறபோது வருவதை எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

மேனேஜரிடம் நேற்று சொன்னேன், எலி இல்லை, நான்தான் என்று. "எலின்னு சொன்னதே நல்லா இருந்திச்சு" என்றார். விதை வந்தால் பார்ப்போம் என்றார்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. இந்தக் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டு. உள்ளே வைத்து வேண்டாம், வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து, பக்கத்துக் காம்பராக்களுக்கும் கேட்கிற மாதிரி வாசி. ஆஸ்பத்திரி வாசலில் நான் எவ்வளவு சத்தமாகக் கத்தினேனோ அவ்வளவு சத்தமாக.

காய் நாலும் அத்தையுடையது. சுற்றிப் போட வேண்டும் என்றால் போடட்டும். நான் கேட்கமாட்டேன்.

யோகேஸ்வரன்


கொட்டகலை,
11.04.2024

நிலக்ஷி அப்பாவுக்கு,

வாசிச்சேன். இஸ்தோப்புலதான். எல்லாரும் வீட்ல இருக்குற ஞாயித்துக்கெழமை மாதிரி கூட்டம் இல்ல, இருந்தாலும் பிள்ளையை விடாத அந்த மூணு பேர்ல ரெண்டு பேர் இருந்தாங்க. "நிம்மதி" ன்னு எழுதியிருந்த எடத்துல நிறுத்துனேன். தண்ணி குடிச்சிட்டு வாசிச்சேன்.

அம்மா அழுவாங்கன்னு நெனச்சேன். அழல. "இன்னொருக்கா வாசி" ன்னாங்க. ரெண்டாந்தரமும் வாசிச்சேன். எந்திரிச்சுப் போய் பைப்புல கையைக் கழுவுனாங்க, முழங்கை வரைக்கும், சவுக்காரம் போட்டு. வந்து நிலக்ஷியைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு லயத்துக் கோடி வரைக்கும் நடந்தாங்க. திரும்பி வர அரை மணி நேரம் ஆச்சு.

காயைப் பத்திக் கேட்டேன். "சுத்திப் போடக் கடையில மிளகா இருக்கு. இது மருமகன் சோறு, குடுத்துரு" ன்னாங்க. நாலும் இதோட இருக்கு. அம்மாதான் பேப்பர்ல மடிச்சாங்க. தூக்கி எறியணும்னா எறியுங்க.

புதுவருசம் முடிஞ்சதும் அவங்க மடுவத்துக்குப் போறாங்க. போறப்ப உங்க கடிதத்தைக் கொண்டு போறாங்களாம். அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது. அங்க யாராவது வாசிப்பாங்கன்னு மடிச்சு முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காங்க, காய் இருந்த அதே எடத்துல. நான் தடுக்கல.

எனக்கு இன்னும் உங்க மேல ஆறல. வீட்டுக்கு வர்றதைப் பத்தி ஒண்ணும் சொல்லமாட்டேன். காது குத்துக்கு வாங்க. கோயில் வாசல்ல பைப் இருக்கு. நீங்க கழுவுறதை நான் பக்கத்துல நின்னு பார்ப்பேன். அப்புறம்தான் பிள்ளையைக் குடுக்குறதா இல்லையான்னு.

கவரைக் கையுறை போட்டுத் தொறங்க.

ஜெயந்தினி